பம்பரில் ஒரு கொப்புளம்

கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிப்போகும் வேனின் முன்பம்பரில் கல் தெறித்து, நகக்கண் அளவு பெயிண்ட் பெயர்ந்தது. பம்பர் யாரிடமும் சொல்லவில்லை. சேறும் மறைத்துக்கொண்டது. சில மாதங்களில் அந்த இடம் கொப்புளமாக வீங்கியது.

பட்டறையில் உப்புத்தாளைக் கண்டதும் பம்பர் பதறியது. "சுரண்டாதே! மேலே பெயிண்ட் அடித்தால் போதும், யாருக்கும் தெரியாது."

"துரு உள்ளேயே இருந்து தின்னும். ஓட்டை விழுந்தால் உன்னைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்" என்றது உப்புத்தாள்.

"சரி, தேய்" என்றது பம்பர்.

இரும்பு பளபளக்கும்வரை உப்புத்தாள் தேய்த்தது. வலித்தது. பிரைமர் பூசி, காய்ந்தபின் பெயிண்ட் அடித்தார்கள். நிறம் அவ்வளவாகப் பொருந்தவில்லை.

"ஒட்டுப்போட்டது நன்றாகத் தெரிகிறதே" என்றது மேலேயிருந்த ஹெட்லைட்.

"தெரியட்டும்" என்றது பம்பர். "வேறெங்காவது பெயர்ந்திருக்கிறதா? நன்றாகப் பார்த்துச் சொல்."