அறுபதா, நூறா

லாரி எஞ்சினை அணைத்ததும் மனைவியின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினான்.

ஒரு கையில் ஆக்சிஜன் மெஷின். மறு கையில் அவள். லாரிக்கும் கடைக்கும் நடுவே கிடந்த வெயிலைக் குழாய் இல்லாமல் கடந்தாள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன் இலியாஸ் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். கடையின் பிளக்கில் மெஷினைச் செருகினார்கள்.

மெஷின் மூச்சு விடத் தொடங்கியது. கொஞ்சம் கழித்து அவளும்.

கல் கிரஷரில் வேலை பார்த்தவள் துளசிமணி. அந்தத் தூசி நெஞ்சை விட்டுப் போகவில்லை. வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் லோடு ஏற்றிப் போகும் இடமெல்லாம் அவளையும் கூட்டிப் போகிறான்.

போன வாரம் வழியில் மழை. ஹெட்லைட்டும் வைப்பரும் மெஷினும் சேர்ந்ததில், எஞ்சின் ஓட்டத்தில் கரண்ட் எடுத்துத் தரும் பழைய ஆல்டர்னேட்டர் திணறியது. பேட்டரி இறங்கியது. மெஷின் கத்தியது.

பூட்டியிருந்த ஒரு டீக்கடையைத் தட்டித் திறக்க வைத்து, அங்கே செருகுவதற்குள் அவள் நகங்கள் நீலம் பாரித்துவிட்டன.

அதன் பிறகு அவன் ஒழுங்காகத் தூங்கவில்லை.

இலியாஸ் இரண்டு ஆல்டர்னேட்டர்களை மேசைமேல் வைத்தான்.

“இது அறுபது ஆம்ப். அது நூறு. அக்காவுது அஞ்சு லிட்டர் மெஷின்தானே? லைட்டு, வைப்பரு எல்லாம் போட்டாலும் அறுபதே தாங்கும்ணே.”

“அப்ப நூறு?”

“பத்து லிட்டர் மெஷின் வெச்சா அது வேணும். இப்ப எதுக்கு?”

அவன் நூறு ஆம்பைத் தொட்டுப் பார்த்தான்.

திங்கட்கிழமை டாக்டர் அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். சீக்கிரமே பத்து லிட்டர் மெஷின் தேவைப்படும் என்றார். அதற்குப் பிறகு என்று கேட்டான். அவர் மேசைமேல் இருந்த மணியை அழுத்தி அடுத்தவரை வரச் சொன்னார்.

வெளியே வந்து அவளிடம், “எல்லாம் அப்படியேதான் இருக்குதாம்” என்றான்.

அவளும் சரி என்றாள்.

இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சின்னதே போதும்ங்க.”

சின்னதை எடுத்தான். கனமாகத்தான் இருந்தது. கீழே வைத்தான்.

இதை மாட்டினால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பத்து லிட்டர் மெஷின் வந்தபின் இன்னொரு மழை வரும்.

நீல நகங்கள் கண்ணில் வந்து நின்றன.

“பெருசையே மாட்டு, இலியாசு.”

சின்னதைத் தள்ளி வைத்தான்.

இலியாஸ் அவளைப் பார்த்தான். அவள் தன் கணவனைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். அவன் சுவரில் தொங்கிய பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவரு சொல்றதையே மாட்டுங்க, தம்பி” என்றாள்.

பெல்ட்டை மாற்றினான் இலியாஸ். தடிமனான ஒயர் இழுத்தான். எஞ்சினைக் கிளப்பி, லாரியில் இருந்த எல்லா சுவிட்சையும் ஒன்றாகப் போட்டான். பகல் வெளிச்சத்தில் ஹெட்லைட் வீணாக எரிந்தது. மீட்டர் முள் இறங்கவில்லை.

“இனி பயமே இல்லக்கா” என்றான்.

துளசிமணி இலியாஸுக்காகச் சிரித்தாள்.

லாரி சங்ககிரியைத் தாண்டியது. இருபுறமும் புளியமரங்கள். அவன் சாலையை மட்டும் பார்த்து ஓட்டினான். டாக்டர் சொன்னதை எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தான். ஒவ்வொரு முறையும் ஒரு பஸ் வந்தது, ஒரு வளைவு வந்தது, வாய் மூடிக்கொண்டது.

அவள்தான் பேசினாள்.

“கேஸ் பதியற நம்பர் உங்க போன்ல இருக்குதுங்களா?”

இல்லை. வீட்டில் அடுப்பு சிலிண்டர் தீர்ந்தால் அவள்தான் பதிவு செய்வாள். எந்த எண், யாரிடம் கேட்க வேண்டும், எதுவும் அவனுக்குத் தெரியாது.

“இப்ப எதுக்கு அது?”

“வண்டிய ஓரமா நிறுத்துங்க. சொல்றேன், ஏத்திக்கங்க.”

அவன் ஓரம் கட்டினான்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அவள் ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.