பதினான்கு பேர் கொடுத்த பரிசு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஞானசிகாமணி, கடையில் வாங்கிய முக்காலியைத் தானே செய்ததாகக் காட்டி, "மரம் எங்கிட்ட பேசும்" என்பார். அதை நம்பிய சொந்தக்காரர்கள் பதினான்கு பேர், இந்தக் கிறிஸ்துமஸுக்கு ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் வாங்கி, கூடவே ஒரு தேக்குப் பலகையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"கேக் வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு முக்காலி செஞ்சு காட்டுங்க, அத்தான். நாங்க இருந்து பாக்கோம்," என்றான் மைத்துனன் எட்வின். அவரைச் சுற்றி வட்டமாக நாற்காலி போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆளான மனைவி லில்லி, பரிசுகளோடு வந்த புது ஏப்ரனை அவர் இடுப்பில் இறுக்கி முடிச்சிட்டு, "மரம் என்ன சொல்லுது?" என்று காதோரம் கேட்டாள்.

ஞானசிகாமணி ரம்பத்தை எடுத்தார். பலகையைப் பார்த்தார். பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு காயம் போதும் என்று யோசித்தபடி, தன் இடது கட்டைவிரலைப் பார்த்தார்.