கரி பூசிய ஓடு

"மாதம்மாள ஊர வுட்டு அனுப்பணும்னு சொல்றவங்க கையத் தூக்குங்க!"

ஊர்க்கவுண்டர் கோபால்சாமி கேட்டதும், காவல் தெய்வமான வேடியப்பன் கல்லைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கை தூக்கினார்கள். ஊரில் அடுத்தடுத்து மாடுகள் செத்துக்கொண்டிருந்தன. சூனியம் வைக்கிறாள் என்ற பழி, தனியாக வாழும் மாதம்மாள்மேல் விழுந்தது.

"இதுக்குப் பேர் ஓட்டா?" கொதித்தார் சக்கரவர்த்தி. கண்ணமங்கலத்திலிருந்து மாற்றலாகி ஜவ்வாது மலைக்கு வந்த சரித்திர வாத்தியார். "பழைய கிரேக்கத்துல மந்திரி, எம்.எல்.ஏ. யாரும் கிடையாது. ஊரே கூடும். ஒருத்தரை நாடு கடத்தணும்னா பானை ஓட்டுல ரகசியமா ஓட்டுப் போடும். எழுபத்தேழு எலக்‌ஷன்ல சீட்டுல குத்தினோமே, அதுக்கெல்லாம் அதுதான் பாட்டன்!"

"அப்டியே போடலாங்க சார். ஆனா ஊரே ஒருபக்கம் நின்னு, ஒருத்தர் மட்டும் எதிரா நின்னா, அவங்க மலைய வுட்டு எறங்கணும். அது எங்க வழக்கம்," என்றார் கவுண்டர்.

"சரி. கிரேக்கத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு இல்ல. நம்ம நாட்டுல உண்டு. மாதம்மாளுக்கும் ஓடு குடுங்க!"

ஆளுக்கு இரண்டு பானை ஓடுகள் கொடுத்தார்கள். கரி பூசிய ஓடு என்றால் மாதம்மாள் போகவேண்டும். வெறும் ஓடு என்றால் இருக்கலாம்.

கம்பளிக்குள் கையை மறைத்தபடி ஒவ்வொருவராகப் பானையருகே போனார்கள். பனி இறங்கியது. ஓடு விழும் சத்தம் மட்டும் கேட்டது. பானைக்குப் பக்கத்தில் மாதம்மாள் கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

தினமும் பொழுது சாய்ந்ததும் அவள் அவருடைய வீட்டைச் சுற்றிச் சுற்றி வருவது சக்கரவர்த்திக்கு ஞாபகம் வந்தது. அப்போது நாய்கூடக் குரைக்காது. ஊர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்? எல்லாரும் கரி ஓடுதானே போடுவார்கள், நம்முடையது மட்டும் தனியாகவா தெரியப்போகிறது?

கரி ஓட்டைப் போட்டுவிட்டு வந்தார்.

பானையைக் கவிழ்த்தார்கள். எல்லாமே வெறும் ஓடு. ஒன்றே ஒன்று கரி.

"யார் போட்டது?" என்றார் கவுண்டர். "வேடியப்பன் கல்லத் தொட்டு ஒவ்வொருத்தரா சத்தியம் பண்ணுங்க!"

சக்கரவர்த்தியின் முறை வந்தது. நீட்டிய கை பாதியில் நின்றது. கல்லுக்குப் பின்னாலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது.

"இருங்க! அது நான் போட்டது," என்றாள் மாதம்மாள். "ஊரே கையத் தூக்குச்சே, இனிமே இங்க இன்னாத்துக்கு இருக்கணும்னு வெறுத்துப்போச்சு."

கவுண்டர் தலைகுனிந்தார். "உன்னப் போவச் சொல்ல எங்களுக்கு இன்னா யோக்கியத இருக்குது? வூட்டுக்குப் போம்மா."

கூட்டம் கலைந்தது. மாதம்மாள் சக்கரவர்த்தியின் அருகில் வந்து நின்றாள். அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ரகசிய ஓட்டுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?" என்றாள் மெல்ல. "ரகசியமாவே இருக்கட்டும்."