தூக்கத்தில் போனவர்கள்

எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாய்க் கிடந்து செத்ததில்லை. அப்பா தூக்கத்தில் போனார். தம்பி வேலாயுதமும் அப்படியே. துக்கம் கேட்க வந்தவர்கள் புண்ணியவான்கள் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பேரை நாற்பது வருடமாகக் காத்துவருகிறேன்.

என் மகள் வடிவுக்குச் சர்க்கரை வந்தது. குறட்டைக்கு நடுவே அவளுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்றும் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். குடும்பத்தில் வேறு யாருக்கு இவை உண்டு என்று கேட்ட தாளில் அவள் தாத்தா பெயரையும் சித்தப்பா பெயரையும் எழுதினாள்.

"அடியே, புண்ணியம் பண்ணுனவங்களைப் போயி நோயாளின்னு எழுதுறியே!"

"புண்ணியமாவது! ரெண்டு பேருக்கும் சர்க்கரை. ரெண்டு பேர் குறட்டையும் தெருமுனை வரைக்கும் கேக்கும். மூச்சு நின்னுதாம்ப்பா போயிருக்காங்க. நானும் அப்படிப் போனா ஊர்ல பெருமையாச் சொல்லிக்குவீங்களா?"

பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பினார். அவரை முறைத்தேன்.

பேனாவை வாங்கி அப்பா பெயரை அடித்தேன். தம்பி பெயரையும் அடித்தேன். செத்தவர்களின் மானத்துக்கு இந்த வீட்டில் நான் ஒருவன்தான் காவல்.

வடிவு கண்ணீரோடு தாளைப் பிடுங்க வந்தாள். "பொறு" என்றேன். அடித்ததற்குக் கீழே என் பெயரை, தகப்பனார் இனிஷியலோடு, முழுதாக எழுதினேன். பதினோரு வருடமாக யாருக்கும் தெரியாமல் விழுங்கிவரும் சர்க்கரை மாத்திரையின் பெயரையும் எழுதினேன்.

"இது என்கிட்டேயிருந்துதான் ஆரம்பிச்சது. எவன் கேட்டாலும் அப்படியே சொல்லு."