தலை போன போல்ட்

காரின் சைலன்சரில் ஒரு போல்ட் தலை உடைந்து, துருப்பிடித்து மாட்டிக்கொண்டது.

"வெளியே வாடா! இல்லேன்னா பைப்போட சேர்த்து உன்னை அறுத்துடுவாங்க" என்று சுத்தியல் ஓங்கி அடித்தது.

"தலையே இல்லாதவனை நான் எங்கே பிடிக்க?" என்று ஸ்பேனர் சிரித்தது.

போல்ட் கூச்சத்தில் இன்னும் இறுகிப்போனது.

அப்போது ஒரு புது நட்டு அதன்மேல் வந்து உட்கார்ந்தது. "அண்ணே, நான் உங்க தலையா இருக்கேன். கொஞ்சம் சுடும், சேர்ந்தே பொறுத்துக்குவோம்."

வெல்டிங் வைத்தார்கள். பொறி பறந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. ஸ்பேனர் நட்டைப் பிடித்துத் திருப்ப, கிரீச்சென்று போல்ட் வெளியே வந்துவிட்டது!

"இனிமே உன்னை எந்த வண்டியிலும் மாட்ட மாட்டாங்களே தம்பி?" என்று போல்ட் கலங்கியது.

"நட்டுக்கு ஒரு போல்ட் போதும்ண்ணே!"

பழைய இரும்பு போடும் டப்பாவுக்குள் இரண்டும் டங்கென்று சேர்ந்தே குதித்தன.