கண்ணாட்டியைக் கரையேற்றிய கதை

"தலைவர் வராம குதிரையைத் தூக்க முடியாது டாக்டரம்மா. வந்துட்டே இருக்காரு" என்றார் நகராட்சி மீட்புப் படை அதிகாரி.

கால்நடை டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாய் பதிக்க நடுத்தெருவில் தோண்டிப்போட்ட குழி அது. ஆள் உயரத்துக்கு மேல் ஆழம். அதற்குள் வண்டி இழுக்கும் பழுப்புக் குதிரை ஒன்று நின்றுகொண்டிருந்தது. வெளியே காது மட்டும்தான் தெரிந்தது. பக்கத்திலேயே கிரேன் தயாராக நின்றது. மீட்புப் படையினர் மடிப்புக் கலையாத புதுச் சீருடையில், கிரேனின் நிழலில் கைகட்டி நின்றார்கள். படை தொடங்கிய நாளிலிருந்து அவர்கள் மீட்டது வெயிலிலிருந்து தங்களை மட்டும்தான்.

"இப்படியே நின்னா கால் மரத்துப் போயிடும் சார். வயிறு முறுக்கிக்கும். மிரண்டு துள்ளினா எலும்பு முறியும். குதிரைக்குக் கால் முறிஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல?"

அதிகாரி தெரியும் என்று தலையாட்டிவிட்டு, சோபாவை இன்னும் கொஞ்சம் முன்னால் போடச் சொல்லப் போய்விட்டார். பந்தல் போட்டாயிற்று. ஒலிபெருக்கி வந்தாயிற்று. 'உயிர் காக்கும் உத்தமரே வருக' என்று தலைவரின் பல்வரிசையோடு பேனரும் ஏறிவிட்டது. பேனர் அடிக்க நேரமிருக்கிறது, ஒரு வாயில்லா ஜீவனைத் தூக்க நேரமில்லையா என்று டாக்டர் கேட்டே விட்டார். எங்கள் ஆபீஸ் வேகம் அப்படி என்று அதிகாரி பெருமையாகச் சொன்னார்.

மாடு, ஆடு, பூனை என்று பார்த்துப் பழகியவர் டாக்டர். குதிரை இதுதான் முதல் தடவை. தன் கண்ணெதிரே அது செத்துவிடுமோ என்று பயந்தார். சொந்தக்காரரையாவது சத்தம் போடச் சொல்லலாம் என்று குதிரைக்காரரைத் தேடினார். அவரோ டீக்கடை பெஞ்சில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்க குதிரை உள்ள தவிச்சுட்டு இருக்கு. உங்களுக்கு எப்படி டீ இறங்குது?"

அவர் தலையைச் சொறிந்தார். அதிகாரி இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "கண்ணாட்டி சமாளிச்சுக்கும்மா" என்றார்.

பெயரில் வைத்திருக்கிற பாசத்தில் கால்வாசியாவது மனதில் இருக்கக்கூடாதா என்று டாக்டர் பல்லைக் கடித்தார். இனி இவர்களிடம் பேசிப் பயனில்லை. ஏணியைப் போடச் சொல்லி, மருந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, அவரே குழிக்குள் இறங்கிவிட்டார்.

கண்ணாட்டியின் கால்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். துடிப்பு டாக்டருடையதைவிட நிதானமாக இருந்தது. மயக்க ஊசியை எடுத்தவர் திரும்பப் பைக்குள்ளேயே வைத்தார். "உனக்கு எவ்வளவு தைரியம்டி" என்று நெற்றியைத் தடவியபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாட்டி அவருடைய சட்டைப் பையை முகர்ந்து, பிஸ்கட் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தது.

ஒருவழியாகத் தலைவரின் கார் வந்தது. நேராகக் குழிக்கு வருவார் என்று பார்த்தால் மைக்குக்குப் போனார். செய்தி கேட்ட நொடியிலிருந்து தன் தொண்டையில் தண்ணீர்கூட இறங்கவில்லை என்றார், ஒரு பெரிய ஏப்பத்தோடு. அவர் பேசி முடிப்பதற்குள் டாக்டர் குதிரையின் வயிற்றுக்கு அடியில் அகலமான பட்டையைக் கொடுத்து, மிரளாமல் இருக்கக் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு மேலே ஏறி வந்தார்.

தலைவர் கையை அசைத்தார். கிரேன் உறுமியது. கண்ணாட்டி நாலு காலையும் தொங்கவிட்டபடி மெல்ல மேலே வந்தது. போட்டோகிராபர் அப்படியே நிறுத்தச் சொன்னார். குதிரை அந்தரத்தில் நின்றது. தலைவர் போய், மொத்தப் பாரத்தையும் தான்தான் தாங்குவதுபோல் அதன் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சிரித்தார். ஒரு படம், அதில் தலைவர் கண்ணை மூடிவிட்டதால் இன்னொரு படம்.

"மூச்சு முட்டும். கீழ இறக்குங்க" என்று டாக்டர் போட்ட அதட்டலில், கிரேன் டிரைவர் அதிகாரியின் உத்தரவுக்குக்கூடக் காத்திராமல் இறக்கிவிட்டார்.

குளம்பு தரையில் பட்டது. டாக்டர் கண்கட்டை அவிழ்த்தார், டிரைவர் கொக்கியைக் கழற்றினார். கண்ணாட்டி உடம்பை ஒரு உதறு உதறிவிட்டுத் திடமாக நின்றது. கைதட்டல் தெருவைப் பிளந்தது. டாக்டர் யாரையும் பார்க்காமல் அழுதார். இத்தனை அசட்டுத்தனத்துக்கு நடுவிலும் ஓர் உயிர் பிழைத்துவிட்டது, அது போதும் என்று இருந்தது அவருக்கு.

தலைவரின் கார் கிளம்பியது. கூட்டமும் கலைந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் குதிரையை ஓரமாக நிறுத்தி, அதன் பின்பக்கம் குனிந்து, ஒரு காலைத் தூக்கிக் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மறுபக்கத்தில் அதிகாரி போனும் கையுமாக ஓடிவந்தார்.

"அண்ணே, பட்டையை அவிழ்க்காதீங்க. துணைத் தலைவருக்குக் கோபமாம். அவரும் கிளம்பிட்டாரு, அவர் கையாலயும் ஒரு தடவை மீட்கணுமாம்" என்று கிரேன் டிரைவரிடம் மூச்சிரைக்கச் சொன்னார். "டாக்டரம்மா போயிட்டாங்கல்ல? காலையில ஒத்திகை பார்த்துக் குழிக்குள்ள இறக்கினீங்களே, அதே மாதிரி கீறல் படாம பதமா இறக்கிடுங்க."

டாக்டர் நிமிர்வதற்குள், அவர் கையிலிருந்து காலை உருவிக்கொண்டு, கண்ணாட்டி தானாகவே போய்க் கிரேனுக்கு அடியில் நின்றது.