லென்ஸுக்கு இடப்பக்கம்

வேலைக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்துக்காக ஒரு கம்பெனியின் ஊழியர்களைப் படமெடுக்கப் போயிருந்தேன். சிரித்த முகங்கள் வேண்டும் என்றார் மேனேஜர் அம்மா. எனக்கு லைட் வைக்கத் தெரியும். ஆளைச் சிரிக்கவைப்பது சுட்டுப்போட்டாலும் வராது. அது என் மனைவியின் வேலை. என் இடது தோளருகே நின்று எதையாவது சொல்வாள். எதிரே இருக்கும் கல்லுளிமங்கன்கூடப் பல்லைக் காட்டிவிடுவான். போன வருஷம் சர்க்கரை வியாதி அவளைக் கொண்டுபோய்விட்டது. அதன்பிறகு இதுதான் முதல் வேலை.

ரிசப்ஷன் பெண் விறைப்பாக வந்து உட்கார்ந்தாள். நான் வாயே திறக்கவில்லை. திடீரென்று விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்து வந்தவரும் சிரித்தார். அதற்கடுத்தவரும்.

மேனேஜர் அம்மா லேப்டாப்பில் படங்களை ஓட்டிப் பார்த்தார்.

"பிரமாதம் சார். ஆனா ஏன் ஒருத்தர்கூட கேமராவைப் பாக்கல?"

எல்லாக் கண்களும் லென்ஸை விட்டு விலகி, என் இடது தோளருகே ஒரே உயரத்தில் நிலைத்திருந்தன. எனக்கு மனசு நிறைந்தது.

"அப்படியே இருக்கட்டும் மேடம்."

கடைசியாக உட்கார்ந்த கணக்கர், சிரித்த கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "டீ சொல்லப் போறேன் சார். உங்களுக்கு ஒண்ணு, அக்காவுக்கு ஒண்ணு. அவங்களுக்குச் சர்க்கரை போடலாமா?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"தாராளமா போடச் சொல்லுங்க," என்றேன். "இனிமே ஒண்ணும் பண்ணாது."